கடைசி இலக்கம்

கும்மிடிப்பூண்டி லோக்கலில், கதவுக்குப் பக்கத்தில்
ஒரு மஞ்சள் தாள்:
வீட்டிலிருந்தே மாதம் இருபத்தெட்டாயிரம்.
தமிழ் டைப்பிங் தெரிந்தால் போதும்.
இல்லத்தரசிகளுக்கு முன்னுரிமை.
போன் நம்பரில் கடைசி இலக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.
ஒன்றா, ஏழா என்று
பேசின் பிரிட்ஜ் வரைக்கும் பார்த்துவிட்டு
இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

ஒன்றில் எடுத்தது ஒரு வெல்டிங் பட்டறை.
"ரோலிங் ஷட்டரா, கிரில் கேட்டா?" என்றார்.
ஏழில் நிவேதிதா மேடம்.

மேடத்தின் குரலுக்கு ஏசி போட்டிருந்தது.
ஜெசிந்தா அமலதாஸ் அவர்களே, வாழ்த்துகள்,
நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
ஏழு வருஷமாக யாரும் என்னை
எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை.

பதிவுக் கட்டணம் இரண்டாயிரத்து நானூறு,
திருப்பித் தரப்படும்.
மூத்தவன் வேன் ஃபீஸுக்கு வைத்திருந்தது போனது.

பதினோரு ராத்திரி.
மங்கலான ஸ்கேன் பக்கங்களில்
யாருடையவோ பழைய நிலப்பத்திரங்கள்.
வடக்கே வாய்க்கால்,
தெற்கே பொன்னுச்சாமி வகையறா தோட்டம்.
எனக்கில்லாத ஏக்கர்களையெல்லாம்
நாலெல்லை பிசகாமல் தட்டினேன்.
ஒரு கொசுவத்தி தீர்ந்து இன்னொன்று.

பன்னிரண்டாம் நாள்:
துல்லியம் தொண்ணூற்றொன்பது வேண்டும்,
உங்களுடையது எண்பத்தாறு.
ஒப்பந்த மீறலுக்கு அபராதம் ஆறாயிரத்து முந்நூறு.
கட்டாவிட்டால் வழக்கு.
இணைப்பில் வக்கீல் நோட்டீஸ், சிங்கங்கள் சற்றே சாய்ந்து,
தலைப்பில் "உயர்நிதிமன்றம்" என்று இருந்தது.
பயத்தில் அது பிழையாகவே தெரியவில்லை.

வீட்டில் சொல்லவில்லை.
மூக்குத்தியைக் கழற்றிப் பார்த்து
மறுபடி மாட்டிக்கொண்டேன்.

மேடத்திடம் அழுதாவது பார்க்கலாம் என்று கூப்பிட்டபோது
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி ஊதியது.
என் ஜன்னலில் ஒரு தடவை.
கால் நொடி தள்ளி, அதே ஊதல்,
மேடத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து.
கூடவே ஒரு குக்கர் விசில்.
"அம்மா, ஷார்ப்னர் எங்க?" என்று ஒரு பிள்ளை.

ஏசி அணைந்தது.

இரண்டு பேரும் பேசவில்லை.
அது நீளமான கூட்ஸ்.
கடைசிப் பெட்டி போன பிறகு நான்தான் கேட்டேன்,
"உங்ககிட்ட எவ்ளோ வாங்கினாங்க?"
"அஞ்சாயிரம்," என்றது வேறொரு குரல்,
எங்கள் தெருக் குரல்.
"டிரெய்னிங்குக்குன்னு. மூணு மாசமா சம்பளம் போடல."
பிறகு அவசரமாக,
"கட்டாதீங்க. ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குப் போன் போட்டேன்.
புகார் எண் தந்தார்கள். பணம் வரவில்லை.
நம்பர், நோட்டீஸ், கணக்கு எல்லாம் கொடுத்தேன்.
கூட்ஸ் வண்டியைப் பற்றியும்
குக்கரைப் பற்றியும் சொல்லவில்லை.

இப்போது வேலை இருக்கிறது.
பாரிமுனையில் ஒரு பள்ளிக் கையேடு பதிப்பகம்,
மாடிப்படியெல்லாம் பசை வாசனை.
நேரில் வரச் சொல்லி ஒரு பக்கம் திருத்தவைத்து,
"ஒற்று நிறைய விடுறீங்கம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள்.
அடுத்த மாதம் மறுபடி போனேன்.
பக்கத்துக்கு ஒன்பது ரூபாய்.
வாழ்த்துகள் என்று யாரும் சொல்லவில்லை.
என்னிடம் ஒரு ரூபாய் கேட்கவுமில்லை.
ஏழாம் தேதி வரவேண்டியது பதினொன்றாம் தேதி வந்தது,
ஆயிரத்து நூற்றெழுபது.
அந்த எஸ்எம்எஸ்ஸை நாலு தடவை படித்துப் பிழை தேடினேன்.

நேற்று தாள்கட்டோடு அதே லோக்கல்.
அதே மஞ்சள். புதுத் தாள், புது நம்பர்.
அன்றைக்கு அந்தக் கடைசி இலக்கம்
தானாகத் தேய்ந்ததில்லை.
யாரோ ஒருத்தி நகத்தால் ஆரம்பித்திருக்கிறாள்.
அதற்குள் அவள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

எனக்கு சென்ட்ரல் வரைக்கும் நேரமிருந்தது.